நெல் காயும் ரோடு

"உங்க கோர்ஸ்ல நெல்லு மேல பைக் ஓட்டச் சொல்லித் தருவீங்களா சார்?" என்று பைக் பயிற்சி தரும் ஓர் இடத்துக்கு போன் போட்டு என் மனைவி கல்பனா கேட்டதும், எதிர்முனையில் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார்கள். அதற்கு முன் பேசிய இடத்தில், வண்டி எத்தனை சிசி என்று விசாரித்து, முதலில் முழங்காலுக்குக் கவசம் வாங்கச் சொன்னார்கள். அவள் அந்த இரண்டு இடங்களின் பெயர்களையும் நோட்டில் அடித்துவிட்டாள். பைக் ஓட்டுவதில்கூட மேற்படிப்பா என்று நான் கிண்டல் செய்தேன். அவள் முறைத்த முறைப்பில் எனக்கு அன்றைக்கு டீ கிடைக்கவில்லை.

மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் வேலை. பின்சீட்டில் விந்து உறைய வைத்த நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு, பதினோரு வருடமாக உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போகிறவள். தை அறுவடையின்போது மானாம்பதி ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் பிரேக் பிடித்து விழுந்தாள். அடி ஆறியது, பயம் ஆறவில்லை. இப்போது சொர்ணவாரிப் பட்டத்து அறுவடை; மறுபடியும் ரோடெல்லாம் நெல். கண்டதும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். மாட்டுக்குச் சினைப்பருவம் ஒரு நாள்கூட நிற்காது; அதற்குள் ஊசி போட்டாக வேண்டும். தாமதமாகிறது என்று மூன்று வீட்டில் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இதையெல்லாம் அவள் சொன்னபோது, கிண்டல் செய்ததற்கு வெட்கப்பட்டேன்.

மூன்றாவதாகப் பேசிய ஷாரோன், செங்கல்பட்டில் ஞாயிறுதோறும் பைக் பயிற்சி நடத்துகிற பெண். "நெல்லு மேலயா? எனக்கே தெரியாதுக்கா. எடத்தக் காட்டுங்க, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

சொன்னபடி புதன்கிழமை வந்து நின்றாள். விவசாயி இருசப்பனுடைய நெல் மானாம்பதி ரோடு முழுவதும் பரந்து கிடந்தது. ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் ஜோராகப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தவள், பத்தடி தாண்டுவதற்குள் தொப்பென்று விழுந்தாள். நெல் கிளறும் பலகையோடு இருசப்பன் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? நெல்லு கீற எடத்துல வந்து வெளாடிக்கினு கீறீங்க?"

காலருக்குள் புகுந்த நெல்லை உதறிக்கொண்டே ஷாரோன் சிரித்தாள். கல்பனாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது.

ஷாரோன் மறுபடி ஏறினாள். நெல்லைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தாள். நெல்மேல் பிரேக்கைத் தொடவே இல்லை. மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்து, "கைய லூசா வுடணும்க்கா. கீழ பாக்காம தூரமா பாக்கணும்" என்றாள்.

கல்பனா என் பக்கம் திரும்பினாள். "இவங்ககிட்டயே சேந்துடறேங்க. வுழுந்ததுக்கு வெக்கப்படல பாத்தீங்களா?"

அந்த நேரத்தில் மாகறலிலிருந்து போன். மாடு விடியற்காலையிலிருந்து பருவத்துக்குக் கத்துகிறதாம். கல்பனா ஹெல்மெட்டை மாட்டினாள். எதிரே நூறு அடிக்கு நெல். இறங்கித் தள்ளுவாள் என்றுதான் நினைத்தேன். இறங்கவில்லை. அப்படியே நெல்லுக்குள் வண்டியை விட்டாள். நெல் நசுங்குவதை மறந்துவிட்ட இருசப்பன், பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கைய லூசா வுடும்மா! தூரமா பாரு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அவர் கால்களுக்கு முன்னால், நெல்லின்மேல் ஒற்றை டயர் தடம் கோணாமல் நீண்டுகொண்டே போனது.