பொழுது சாய்வதற்குள்

பவுலினா அக்கா அதைக் கேட்டபோது அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெங்களூர் மடத்திலிருந்து அன்று காலைதான் கடிதம் வந்திருந்தது. ஜூன் மாதம் வந்தால் போதும் என்றிருந்த சிஸ்டர்கள், வருகிற திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். மடத்தில் சேர்ந்துவிட்டால் பிறகு வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்க அனுமதி இல்லை என்று பங்குச் சாமியார் முன்பே சொல்லியிருந்தார்.

“எங்கயாச்சும் ஒரு ஏரிக்கரையில நாம நாலு பேரும் ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாம்மா.”

அம்மா நிமிர்ந்தாள். “ஏரிக்கரையில போயிப் படுக்கறதுக்கு, வீடு வாசல் இல்லாதவங்களா நாம?”

“வீட்டுல இருந்தா நீ அடுப்ப உட்டு வரமாட்ட. அப்பா காளைக் கொட்டாய உட்டு வரமாட்டாரு. இவன் டைப்படிக்கப் போயிருவான்.”

அவள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். மடத்துக்குப் போகப்போவதாகக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவள் சொன்னதிலிருந்து அப்பா நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “சிங்கராயரே, பொண்ணச் சாமிக்குக் குடுக்கறீங்க, பாக்கியம்” என்று கோயிலில் யாராவது சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். அவளோடு அவருக்கு இருந்த பேச்செல்லாம் ‘தண்ணி கொண்டா’, ‘வெளக்க எடு’ என்பதோடு நின்றுபோயிருந்தது. மத்திகிரி கால்நடைப் பண்ணையில் அவருக்கு எப்போதும் ஏதாவது வேலை இருந்தது, இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொண்டார். வேலையே இல்லாத ஒரு வெட்டவெளியில், இருட்டில், அவர் வாயைத் திறப்பார் என்று அக்கா நம்பினாள். நானும் நம்பினேன்.

இடம் பார்க்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. பகலில் மரக்கடை, மாலையில் ஓசூரில் தட்டச்சு வகுப்பு என்று இருந்தவன் நான். ஒரு குடை வாங்கக்கூட நான்கு கடை ஏறி இறங்கிவிட்டு, வாங்கிய பிறகும் சந்தேகப்படுகிறவன். முதலில் கிருஷ்ணகிரி அணைக்கட்டைத்தான் நினைத்தேன். அங்கே தங்குவதற்கு ஆபீசில் எழுதிக் கேட்கவேண்டும், பதில் வர நாளாகும் என்றார்கள். ஓசூர் ஏரியில் துணி துவைக்கிறவர்களும் எருமை கழுவுகிறவர்களும் எங்கள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுவும் ஆகாது. தட்டச்சு வகுப்பில் பக்கத்து மிஷினில் அடிக்கும் கௌஸ் பாஷாதான் பைரசந்திரம் ஏரியைச் சொன்னான். அவன் அப்பா அந்தப் பக்கம் புளியமரங்களைக் குத்தகைக்குப் பிடிக்கிறவர்.

“வெள்ளக்காரன் மாதிரி டேரா போடப் போறியா ஜோசப்பு? தார்ப்பாய் மட்டும் போதுமா, துப்பாக்கியும் வேணுமா?” என்று சிரித்தான். ஆனால் அவர்கள் புளி ஏற்றும் லாரியிலிருந்து தார்ப்பாயை அவனே அவிழ்த்துத் தந்தான்.

புதன்கிழமை மரக்கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அடுப்புப் புகை எங்கே போகும், குடிக்கத் தண்ணீர் எடுக்கும் கிணறு எவ்வளவு தூரம், பாம்புப் புற்று ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மதகுக்குப் பக்கத்தில் இரண்டு புங்கமரங்கள், தார்ப்பாய் கட்டுவதற்கென்றே நட்டதுபோல நின்றன. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரிடம் சனிக்கிழமை ராத்திரி தங்கலாமா என்றும் கேட்டேன். “தங்குங்க. ஏரி என்ன எங்கப்பன் ஊட்டு சொத்தா?” என்றார். ஏரிக்கரை மேலிருந்த சின்னக் கோயிலுக்குப் பெண்கள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். சுத்தமான ஊர் என்று நினைத்துக்கொண்டேன். எதற்கு அடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் வீட்டிலும் சுண்ணாம்புதான் அடிப்போம். அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை அப்பா தன் முறையைப் பண்ணையில் கூட வேலை செய்யும் சின்னராஜிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் பேசவில்லை. ஆனால் ஏரியைப் பார்த்ததும், “புல்லு நல்லாருக்குது” என்றார். தார்ப்பாயை அவர்தான் கட்டினார், காளையைக் கட்டும் முடிச்சுப் போட்டு. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். அடுப்பங்கரைக்கு வெளியே அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்து அரிசி போட்டாயிற்று. அக்கா வெங்காயம் உரித்தாள். அப்பா அவள் பக்கத்தில் வந்து குந்தி, ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தார்.

“அங்க...” என்றார். பிறகு வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அங்க என்ன சாப்பாடு போடுவாங்க?”

“சோறும் களியுந்தான்னு சொன்னாங்கப்பா.”

அவர் தலையாட்டினார். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று எனக்குப் பட்டது. அக்காவும் கத்தியை நிறுத்தியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கரைமேல் ஒரு அம்மாள் வந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பின்னால் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். தன் பெயர் கெம்பம்மா, கோயில் பூசாரி வீடு என்றாள். கன்னடத்தில் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள்.

“மாரம்மா பண்டிகைக்குக் காலையில காப்புக் கட்டிட்டோம் சாமி. பொழுது சாஞ்சப்புறம் வெளியாளு எல்லைக்குள்ள இருக்கக் கூடாது. மீறி இருந்துட்டா, பண்டிகை முடியற வரைக்கும் எல்லையத் தாண்டக் கூடாது. நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கெழமதான் முடியும்.”

“நாங்க வேதக்காரங்கம்மா,” என்றாள் அம்மா.

“எந்த வேதம்னு கேட்டுட்டா அம்மை வாக்குது?”

அக்கா சிரித்துவிட்டாள். “அதுவரைக்கும் எங்களுக்கு யாரு சோறு போடுவா?”

“நாங்கதான். எல்லைக்குள்ள இருந்துட்டா நீங்களும் எங்க ஜனந்தான? களியும் கீரையும் இருக்குது, தின்னுட்டு ஏரியப் பாத்துட்டு இரு.”

“இருந்துரலாம்,” என்றார் அப்பா.

வெங்காயம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“இருந்துரலாம் பவுலி. அவங்கதான் போகக் கூடாதுங்கறாங்களே. அடுத்த ஞாயித்துக்கெழம போயிக்கலாம்.”

போகாதே என்று சொல்ல அவருக்கு இத்தனை மாதமாக வாய் வரவில்லை. இப்போது ஏதோ ஒரு ஊரின் சாமி அதைச் சொல்லியிருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் சிரிப்பு மெல்லப் போய்விட்டது. அவள் அவரையும், மலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் நின்ற சூரியனையும் பார்த்தாள். திங்கட்கிழமை வர முடியாது என்று மடத்துக்குத் தந்தி கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். கிளம்பலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். யார் பக்கம் பேசுவது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

அக்கா எழுந்தாள். முந்தானையால் பானையைப் பிடித்து இறக்கினாள்.

“இன்னும் வேகலடி,” என்றாள் அம்மா.

“பரவால்லம்மா.” தட்டைப் போட்டு மூடி, துண்டால் சுற்றிக் கட்டினாள். அப்பாவின் முகத்தை அவள் அதன்பிறகு பார்க்கவில்லை.

அப்பா தார்ப்பாயை அவிழ்க்கப் போனார். காளைக்குப் போடும் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கிறவர் அவர். அன்று வெகுநேரம் ஆயிற்று. “பொழுது, சாமி,” என்று கெம்பம்மா இரண்டு தடவை சொன்னாள், கோபமில்லாமல்.

வேறு ஏரியைப் பார்த்திருந்தால் வெங்காயம் உரித்து முடிவதற்குள் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று டைரியில் எழுதிப் பார்க்கிறேன். ‘அங்க’ என்பதற்குமேல் வரவில்லை. ஒன்றுமே சொல்லியிருக்கமாட்டாரோ என்றும் தோன்றுகிறது. அப்படி நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருப்பதால் அதையும் நம்ப முடியவில்லை.

பஸ்ஸில் அக்காவும் அப்பாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பானை அக்காவின் மடியில் இருந்தது. கட்டிய துண்டு தளர்ந்து, ரோட்டின் ஒவ்வொரு குழிக்கும் தட்டு கடகடவென்று ஆடியது. அப்பா கையை நீட்டி அதன்மேல் வைத்தார். சத்தம் நின்றது.

“வெந்திருக்குமாப்பா?” என்று கேட்டாள் அக்கா.

“தொறக்காத. சூடு போயிரும்.”

மத்திகிரி விளக்குகள் தெரிகிற வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. தட்டின் ஓரத்திலிருந்து ஆவி கசிந்து அவர் விரல்களுக்கு நடுவே ஏறிக்கொண்டிருந்தது.