கறுப்புப் பட்டு நூல்

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், பிற்பகல் மூன்று மணி. அருங்காட்சியகத்தில் பழந்துணிகளைச் செப்பனிடும் டீடஸ் கடைசித் தையலை இழுத்து முடித்துக் கையுறையைக் கழற்றினாள்.

ஆளுயரப் பொம்மையின் மேல் தெர்னோ என்ற பிலிப்பைன்ஸ் விருந்துடை நின்றது. அன்னாசி நாரில் நெய்த வெளிர்மஞ்சள் கவுன். தோளில் கைப்பகுதி இரண்டும் வண்ணத்துப்பூச்சியின் இறக்கைபோல விறைப்பாக எழும்பியிருந்தன. 1968-இல் மணிலாவில் பேர்பெற்ற தையற்கலைஞர் ஒருவர் தைத்தது. கண்காட்சி அவரைப் பற்றியது.

அதன் பொறுப்பாளன் மொஞ்சிங் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். கையில் பொரித்த வாழைப்பழம்.

"நம்ம சீமாட்டி ரெடியா, அக்கா?"

"அந்த எண்ணெய்க் கையோட உள்ள வந்தேன்னா, பூச்சி சாக ஃப்ரீசர்ல வைக்கிற துணியோட உன்னையும் போட்டுருவேன்."

"போடு. வெளிய வேகுது." அவன் கவுனின் இடது தோளை உற்றுப் பார்த்தான். "எங்க இருந்துச்சுன்னே தெரியலயே. கில்லாடிக்கா நீ."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கவுன் வந்தபோது அந்தத் தோளில் ஒரு கிழிசல் இருந்தது. யாரோ அதைக் கறுப்பு நூலால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தொடர்ந்து ஓடும் தையல் இல்லை. ஒவ்வொரு குத்துக்கும் தனித்தனி முடிச்சு. ஊசி பிடித்துப் பழகாத கை என்று டீடஸ் நினைத்தாள். நூல் இழுத்த இடத்தில் நார் அறுந்துகொண்டிருந்தது. பின்னால் மெல்லிய துணி கொடுத்து அப்படியே தாங்கவைத்திருக்கலாம். உடுத்தியவர் விட்ட தடயத்தைத் தொடாதே என்றுதான் அவள் படித்திருந்தாள். ஆனால் கண்காட்சி கலைஞருடையது. அந்தக் கறுப்பு அவருடையதல்ல.

கவுனைக் கொடுத்தவரிடம் கேட்டிருக்கலாம். தொலைபேசி எண் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பாரோ என்று கேட்கவில்லை.

முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். குளிர்ந்த நீர்த்தூவலில் நாரை ஈரமாக்கி இழைகளை நேர்படுத்தி, கிழிசலைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிழையால் தைத்தாள். ஊசித் துளைகள் மூடிக்கொண்டன. எடுத்த நூலை ஒரு சிறு உறையில் போட்டு, கவுனின் பதிவு எண்ணையே அதன் மேலும் எழுதினாள். எடுத்தது தூசியானாலும் அருங்காட்சியகத்தின் சொத்து. வெளியே போகாது.

சட்டென்று பிடித்த மழை விட்டதும் மூதாட்டி பிலார் அர்செனாஸ் வந்தார். கவுனை உடுத்தியவரும் கொடுத்தவரும் அவர்தான். கூட்டம் வருவதற்கு முன் ஒருதடவை தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தடியை ஊன்றிப் பொம்மையைச் சுற்றி நடந்தார்.

"இந்த இடுப்பு என்னுதா?"

"கவுன் சொன்ன அளவு, மேடம்."

"மரியாதை தெரிஞ்ச கவுன். நல்லாப் பொய் சொல்லுது."

மொஞ்சிங் சிரித்தான். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இடது தோளருகே குனிந்தார். பிறகு வலது தோள். மறுபடி இடது.

"எங்க இருந்துச்சுன்னே தெரியலயே."

"அக்கா வேலை அப்படி, மேடம். கிழிஞ்ச சுவடே இருக்காது."

"கிழிசலத் தேடல தம்பி. தையலத் தேடுறேன்."

"நான்தான் எடுத்தேன், மேடம்," என்றாள் டீடஸ்.

பிலார் நாற்காலியில் உட்கார்ந்தார். 

"கார் கதவுல மாட்டிக் கிழிஞ்சிருச்சு. விருந்துக்குப் போற வழி. நான் ஒரே அழுகை. என் தம்பி நொனோய் அப்ப டாக்டருக்குப் படிச்சிட்டிருந்தான். பையில எப்பவும் ஊசியும் பட்டு நூலும் வச்சிருப்பான். வாழைப்பழத் தோலு, பன்னித் தோலு, எது கெடைச்சாலும் தைச்சுப் பழகுவான். 'நோயாளி அசையக் கூடாது'ன்னு அதட்டிக்கிட்டே தைச்சான். விருந்து முடியற வரைக்கும் ஆடினேன். ஒரு முடிச்சு விடல."

காயத்துக்குப் போடும் தையல். ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். டீடஸ் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவர் இப்ப எங்க, மேடம்?" என்றான் மொஞ்சிங்.

"எழுபத்தி நாலுல, ராணுவச் சட்டம் இருந்தப்ப, மலைப்பக்கம் ஜனங்களுக்கு வைத்தியம் பாக்கப் போனான். அவ்வளவுதான், திரும்பி வரல. கல்லறை கிடையாது. நவம்பர்ல கல்லறைத் திருநாள் வந்தா எல்லாரும் மெழுகுவத்தி எடுத்துக்கிட்டுக் கிளம்புவாங்க. எனக்குப் போக எடமில்ல. அலமாரியத் தெறந்து இந்தத் தோளப் பாத்துட்டு மூடிடுவேன்." தடி தரையில் ஒருமுறை நகர்ந்தது. "வீட்டுல பூச்சி அரிக்க ஆரம்பிச்சிருச்சு. நீங்க பத்திரமா வச்சிருப்பீங்கன்னுதான் கொடுத்தேன்."

டீடஸ் உள்ளே போய் உறையை எடுத்து வந்தாள். மேசையில் வெள்ளைத்தாள் விரித்துக் கவிழ்த்தாள். கறுப்பு நூல் துண்டுகள். நூலை முடிச்சுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் வெட்டியிருந்தாள். முடிச்சுகள் அவிழாமல் இருந்தன.

பிலார் ஒன்றை விரல்நுனியால் தொட்டார். கையுறை இல்லை. டீடஸ் தடுக்கவில்லை.

"மறுபடி போட முடியாதா?"

"போடலாம், மேடம். அது என் தையலாத்தான் இருக்கும்."

அவர் தலையசைத்தார். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தாளின் பக்கத்தில் விரித்தார். முடிச்சுகளைத் தள்ளப் போன விரல் நின்றது. உறையின் மேலிருந்த எண்ணைப் படித்தார். பொம்மையின் காலடியில் இருந்த அட்டையில் அதே எண்ணையும் 'அருங்காட்சியகச் சேகரிப்பு' என்பதையும் படித்தார்.

"இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா, பொண்ணே? இல்ல, இதுவும் உங்களோடதா?"