மோட்டார் அறைக்கு வெளியே

நான் லிஃப்ட் மெக்கானிக். மாதத்தில் இருபது நாள் வெளியூர்தான். ஆனால் எந்த ஊரிலும் நான் பார்த்தது லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழியும் கிரீஸ் டப்பாவும்தான்.

"இத்தனை ஊர் போறீங்க, ஒரு ஊரையாவது கண்ணால பார்த்தீங்களா?" என்று மனைவி குத்திக்காட்டிக்கொண்டே இருப்பாள்.

இன்று பன்னிரண்டாவது மாடிக்கு மேலே, மோட்டார் அறையில் வேலையை முடித்து லிஃப்டை ஓடவிட்டேன். அவள் சொன்னது நினைவுக்கு வர, ரோஷம் வந்து மொட்டைமாடிக் கதவைத் திறந்தேன். ஆற்றில் வெயில் தகதகவென்று கிடந்தது. வீடுகளுக்கு நடுவே ஒரு ரயில் பூரான் மாதிரி ஊர்ந்து போனது. இந்தக் கதவைத் திறக்காமலே எத்தனை ஊரில் இறங்கி வந்திருக்கிறேன். என்னையே இரண்டு அறை விடலாம் போலிருந்தது.

வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி மோட்டார் சத்தம் சரியில்லையே. பேரிங் போயிடுச்சா?"

காது கொடுத்துக் கேட்டேன். போய்த்தான் இருந்தது. பதினைந்து வருஷமாக என் மோட்டார் புலம்பலைக் கேட்டவள் ஆயிற்றே.

போனை ஊர் தெரியும்படி கைப்பிடிச் சுவரின் மேல் நிறுத்திவைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

"அவசரமே இல்லை, மெதுவாப் பாருங்க" என்றாள், ரயிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.