மூன்று பேர், ஒரு சஹன்

உம்மா ஆறு கிலோ குறைந்தால்தான் குடலிறக்க ஆபரேஷன் என்று தூத்துக்குடி டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை தேதி கிடையாது. இருமல் வந்தால் உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவாள்.

நான் போனில் கலோரி ஆப் ஒன்றை இறக்கினேன்.

“கணக்குல ஃபெயிலாகிப் பள்ளிக்கூடத்த விட்டவ, உம்மாவுக்குக் கணக்கு போடுதா” என்று என் அக்கா ஜமீலா ராத்தா சிரித்தாள்.

எங்கள் காயல்பட்டினம் வீட்டில் உம்மா, ராத்தா, நான் மூவரும் ஒரே சஹனில்தான் சாப்பிடுவோம். பெரிய தட்டு, நிறையச் சோறு, மேலே மீன் ஆணம், அதாவது குழம்பு. எத்தனை கிராம் என்று ஆப் கேட்டது. சோற்றை நிறுத்து மூன்றால் வகுத்துப் போட்டேன். காலை இடியாப்பத்தையும் சாயாவின் சீனியையும்கூட விடவில்லை. மூன்று வாரம் கழித்தும் எடை அசையவில்லை.

“கள்ளத்தனமா எதுவும் திங்கீங்களா?” என்றாள் ராத்தா.

“அல்லா அறிய இல்ல.” உம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அன்று மதியம் நானும் ராத்தாவும் கை கழுவ எழுந்தோம். உம்மா எழவில்லை. நாங்கள் விட்ட சோற்றைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் சஹனைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு ஓடினேன்.

“ஏளா, வாயில வைக்கப்போற சோத்தப் பறிச்சிட்டு எங்க ஓடுத?”

தட்டின் எடை போக முந்நூற்றிருபது கிராம். தன் பங்கைத் தின்ற பிறகு, தினமும் இது.

“மிச்சம் வெச்சா பரக்கத்து போயிரும், அல்லா தர்ற விருத்தி நிக்காது, பிள்ள” என்றாள் உம்மா.

மறுநாள் ஆறு கரண்டிக்குப் பதில் நாலு கரண்டிச் சோறு வைத்தேன். ஆணத்தில் முருங்கைக்காயைக் கூட்டினேன்.

“வீட்ல அரிசி தீந்துட்டா?”

“ஒனக்கு வேணும்னா மறுபடி போடுதேன், ராத்தா. உம்மா, சஹன நீங்களே தொடச்சுச் சாப்பிடுங்க.”

உம்மா என்னையே பார்த்தாள். பிறகு பிஸ்மி சொல்லிக் கை வைத்தாள். கடைசியில் துடைக்க நாலு வாய்தான் இருந்தது.

ஆறு கிலோ இறங்க ஐந்து மாதமானது. நேற்று டாக்டர் ஆபரேஷன் தேதியை எழுதிக்கொடுத்தார். திரும்பும் வழியில் உம்மா பேக்கரி முன்னால் நின்றாள்.

“மக்ரூன் ஒண்ணு எத்தன கலோரி, பிள்ள?”

“சின்னதுன்னா நாப்பது இருக்கும்.”

“அப்ப கால் கிலோ வாங்கு, எனக்கு ரெண்டு போதும். மிச்சத்த ஜமீலாக்குக் கட்டச் சொல்லு.”