சத்தம் நின்ற நாற்காலி

ரப்பர் கத்தினால்தான் எனக்குச் சோறு. சுழலும் இரும்புத் தட்டின் மேல் ரப்பர் துண்டை அழுத்தி, எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பது என் வேலை. பன்னிரண்டு வருடமாக அந்தக் கிறீச்சைக் கேட்டுக் காது மரத்துவிட்டது. ஆனால் வீட்டில் அப்பாவின் சக்கர நாற்காலி கத்தினால் மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

நேற்றும் எரிந்து விழுந்தேன். "என்னப்பா இது, வேலையிலயும் இதே சத்தம், வீட்லயும் இதே சத்தமா? மனுஷி நிம்மதியா இருக்க வேணாமா?"

அப்பா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

இன்று காலை நாற்காலி சத்தமில்லாமல் வாசலைத் தாண்டியது. பத்து மணிக்கு அவருக்குக் கால் பயிற்சி. தம்பி தள்ளிக்கொண்டு போனான். அப்பாடா என்று நானும் கிளம்பினேன்.

இன்றைய சோதனை எண்ணெயோடு. தட்டில் ஐந்து சொட்டு விட்டேன். ரப்பர் கப்சிப். பிடிமானம் காட்டும் எண் மடமடவென்று இறங்கிக் கால்வாசியில் நின்றது. தேய்மானமும் குறையும்தான், ஆனால் அது முதல் நாள் கதை. எண்ணெயில் ஊறிய ரப்பர் போகப்போக உப்பி, நகம் பட்டாலே பிய்ந்து வரும். 'எண்ணெய் பட்டதும் சத்தம் நின்றது' என்று நோட்டில் எழுதினேன். எழுதிய கை அப்படியே நின்றது.

அப்பாவின் நாற்காலியில் கத்தியது அச்சு இல்லையே. சக்கரத்தை உரசும் பிரேக் ரப்பர் அல்லவா! பயிற்சி நிலையத்துக்கு ஏறும் சரிவோ செங்குத்து. கீழே பேருந்து போகும் சாலை.

தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். இயந்திரத்தை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. வண்டி பிடித்து ஏறியும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் ஓட்டுநரை விரட்டினேன். "இறங்கித் தள்ளட்டுமா?" என்றார் அவர். பாவம், வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சரிவின் நடுவில் அப்பா இருந்தார். தனியாக. சக்கர விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நாற்காலி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் காலை முட்டுக் கொடுத்தேன்.

"தம்பி எங்கப்பா?"

"பிரேக் போட்டுட்டுச் சீட்டு வாங்க உள்ள போனான். பிரேக் நிக்கல."

"கூப்பிட வேண்டியதுதானே!"

"அங்க வரிசையில நிக்கிறான். எதுக்குத் தொந்தரவு?"

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"பிரேக்ல எண்ணெய் விட்டது யாருப்பா?"

"நான்தான். தையல் மிஷின் எண்ணெய், நாலே சொட்டு" என்றார் அப்பா. முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "காலைல சத்தமே வரல, கவனிச்சியா?"