அப்பாவின் பல்லிக்கூடம்

சிரித்த சிரிப்பில் அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்துவிட்டாள். யாருடைய வெள்ளைச் சட்டையோ, காலரில் மஞ்சளாகத் தீய்ந்தது. எல்லாம் தங்கை எழுதிய புத்தகத்தால் வந்த வினை. லாண்டரிக் கடையில் காலையிலிருந்து வேலையே ஓடவில்லை. சிறுவர் நாவல்தான். அக்கா தங்கை இருவர், கப்பல் வேலைக்குப் போன அப்பா, அவர் எழுதும் கடிதங்கள். ஒரு கடிதத்தில் திமிங்கிலம் அப்பாவின் ஒற்றைச் செருப்பை விழுங்கிவிட்டு, ஜோடி சேராமல் தூக்கம் வராது என்று மூன்று நாள் கப்பலைத் துரத்துகிறது. என்னமாய் எழுதியிருக்கிறாள் கழுதை! அட்டையில் பை மாட்டிய பல்லிகள் எதற்கென்று மட்டும் பிடிபடவில்லை. படம் போட்டவரின் குறும்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அந்தத் திமிங்கிலம் உண்மையில் அக்காவின் கற்பனை. நிஜ அப்பா கப்பலுக்குப் போனவர் போனவர்தான். ஒரு வரி எழுதவில்லை. ஆறு வயதுத் தங்கை சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பொறுக்க முடியாமல், பன்னிரண்டு வயது அக்கா இடது கையால் முதல் கடிதத்தை எழுதினாள். நான்கு வருடம் எழுதினாள். தங்கை தந்த பதில்களை, "போஸ்ட் பண்ணிட்டேன்டி" என்று சொல்லிவிட்டுப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தாள். அந்த டப்பா இன்னும் இஸ்திரி மேஜைக்குக் கீழேதான் இருக்கிறது.

சாயங்காலம் தங்கை வருகிறாள். இன்றாவது உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவளிடமிருந்து அப்பாவை இரண்டாம் முறை பறித்ததாக ஆகிவிடாதா?

துணி வாங்க வந்த டீச்சர் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"உங்க தங்கச்சி புத்தகமா? 'அப்பாவின் பல்லிக்கூடம்'! தலைப்பே ஜோரா இருக்கே! தப்புத்தப்பா எழுதற அப்பா!"

"தப்பா? எது தப்பு?"

"பள்ளிக்கூடத்துக்குக் குண்டு ள போடணும்மா. இது சுவத்துல ஓடற பல்லி இல்ல?"

அவளுக்குக் காது சூடாகியது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். இத்தனை வருடமும் பல்லிக்கூடம் என்றுதான் எழுதி வந்திருக்கிறாள், ஒரு ஆள் சொல்லவில்லை.

டீச்சர் போனதும் பக்கங்களைப் பரபரவென்று புரட்டினாள். தங்கை கதை சொல்லும் இடமெல்லாம் குண்டு ள. நாவலில் அந்தப் பிழையைச் செய்பவர்கள் இரண்டே பேர். கடிதம் எழுதும் அப்பா ஒருவர். கடைச் சீட்டு எழுதும் அக்கா இன்னொருவர்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, பட்டன்களுக்கு அடியிலிருந்து கடைசிப் பதிலை எடுத்தாள். தங்கை பத்து வயதில் எழுதியது. அந்த வருடம் சொல்வதெழுதுதலில் தங்கைக்குத்தான் முதல் பரிசு. கடிதத்தில் ஓர் அடித்தல் இருந்ததும், தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டாளே என்று அன்று அக்கா பூரித்துப்போனதும் நினைவுக்கு வந்தன.

'அன்புள்ள அப்பா, உங்கள் கடிதம் என்றால் எனக்கு உயிர். நிறுத்தாமல் எழுதுங்கள். நான் ஒழுங்காகப்' என்று இருந்தது. அதற்கு அடுத்து 'பள்ளிக்கூடம்' என்று முத்துமுத்தாக எழுதி, ஒரே கோடாக அடித்து, அதன் தலைமேல் பொடி எழுத்தில், 'பல்லிக்கூடம் போகிறேன்.'