உப்பைக் குறைங்க

...ஊசி குத்தி எடுத்தபோது ரத்த அணுக்கள் உடைந்திருக்குமாம், அதனால்தான் ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு என்று காட்டுகிறதாம், மறுபடி எடுத்து அனுப்பியிருக்கிறானாம், வரட்டுமாம்... என்ன அழகாக ஒப்பிக்கிறான் இந்தச் சின்ன டாக்டர், பரீட்சையில் முதலாவதாக வந்திருப்பான், கட்டிலில் கிடக்கிற குழந்தையைத் திரும்பிப் பார்க்க மட்டும் எவரும் சொல்லித்தரவில்லை போலும் என்று நினைத்தபடியே, சிறுநீரகப் பிரிவின் பெரிய டாக்டரம்மா அவன் கையிலிருந்து இசிஜி தாளைப் பிடுங்கினாள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கூரான முனை, கூடாரம் அடித்ததுபோல வரிசையாக. பொட்டாசியம் ஏறியதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி, இதயம் நின்று காட்ட வேண்டுமா? "ஏம்பா, இந்த முனையெல்லாம் உன் கண்ணுல படலையா?" என்றாள். அவன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். கால்சியத்தை அவளே ஏற்றினாள், மெதுவாக, கண் திரையைவிட்டு நகராமல்... இது ஒரு துளி பொட்டாசியத்தையும் வெளியேற்றாது, கொஞ்சம் பொறு என்று இதயத்திடம் சொல்லிவைக்கும், அவ்வளவுதான், பிறகு குளுக்கோஸோடு இன்சுலின், மூக்கில் மருந்துப்புகை, அதுவும் ரத்தத்தில் இருப்பதைத் திசுக்களுக்குள் தள்ளி ஒளித்துவைக்கிற வேலை, வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமோ பிறந்ததிலிருந்தே பாதிதான் வேலை செய்கிறது, இதற்கும் மசியாவிட்டால் டயாலிசிஸ்... முன்பல் விழுந்த ஏழு வயதுக்காரி முகமூடிக்குள்ளிருந்து, "இந்தப் புகை கசக்குமா?" என்று கேட்டாள். கசக்காது என்று சொல்ல டாக்டரம்மாவுக்கு நேரமிருந்தது, ஆச்சரியம்தான்.

அம்மாக்காரி கால்மாட்டில் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் அறியாத முகம், இந்த முகத்தை இருபது வருடமாகப் பார்த்தாகிவிட்டது, பொட்டாசியம் நிறைந்த வாழைப்பழத்தைத் தலையணைக்கடியில் ஒளித்துக் கொடுத்த அப்பா, நாட்டுமருந்து புகட்டிய அத்தை, எல்லாரும் உத்தமர்கள், எல்லாரும் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்கள். இவளிடம் கேட்டால் மட்டும் உண்மை கொட்டிவிடுமா? கேட்டாள். பழம் இல்லையாம், பழச்சாறு இல்லையாம், உருளைக்கிழங்கு பக்கமே போகவில்லையாம், கொடுத்த பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம். ஒட்டியிருப்பாய், படித்தாயா? அப்போதுதான் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "நீங்க உப்பைக் குறைக்கச் சொன்னீங்க டாக்டர். சப்புனு இருக்குன்னு சாப்பிடவே மாட்டேன்னுட்டா. இது சோடியம் கம்மியான உப்பு, உடம்புக்கு நல்லதுன்னு போட்டிருந்துச்சு. பத்து நாளா இதான் போடுறேன்." பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து, பொட்டாசியம் குளோரைடு. ஆக, ஒவ்வொரு வாய் சோற்றோடும் விஷத்தைக் கலந்து ஊட்டியிருக்கிறாள், அதுவும் அக்கறையாக... திட்டுவதற்கு வார்த்தை தயாராகவே இருந்தது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "உங்ககிட்ட கேட்டுட்டுதான் போட்டேன் டாக்டர். வேற உப்பு மாத்தலாமான்னு போன தடவை கேட்டேனே" என்றாள் அவள், குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை.

கேட்டாளா? எப்போது? போன தடவை... வெளியே நாற்பது பேர், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், கை மருந்துச்சீட்டில், யாரோ என்னவோ கேட்டார்கள், 'ம்' என்றது ஞாபகம் இருக்கிறது, அந்த 'ம்' போனுக்கா, இவளுக்கா? அப்படியே இவளுக்கென்றாலும் அதை ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டு போய்க் கடையில் நிற்பாளா ஒருத்தி... நிற்பாள், வேறென்ன செய்வாள்? திரையில் முனைகள் மழுங்கத் தொடங்கியிருந்தன. இரண்டாவது ரத்தத்திலும் ஏழுக்கு மேலேயே வந்தது, சின்ன டாக்டர் அதைத் தரையைப் பார்த்துச் சொன்னான், அதில் அவளுக்கு வர வேண்டிய திருப்தி வரவில்லை. மாலை நான்கு மணிக்கு எடுத்ததில் ஐந்து புள்ளி எட்டு, டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம், குழந்தை பசிக்கிறது என்றது. சின்ன டாக்டர் குறிப்பேட்டோடு வந்தான். "காரணம்னு என்ன மேடம் எழுதட்டும்?" வழக்கமாக அவன் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள், தாயின் கவனக்குறைவு, இரண்டே சொல், எத்தனை தாள்களில் எழுதவைத்திருப்பாள்... அந்தத் தாய்மார்களும் ஏதாவது கேட்டிருப்பார்களோ, அவர்களுக்கெல்லாம் என்ன சொன்னோம்? அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவளுக்கு ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை.